இடப்பக்கம் போன குகன்

என்ன தம்பி, விரலைப் பார்க்கிறியளோ? கேட்டுவிடுங்கோ. கண்டியில் பஸ் ஏறினதில் இருந்து ஜன்னலைப் பார்ப்பதுபோல என்ர கையைத்தான் பார்க்கிறியள்.

கதவில் நெரிந்தது இல்லை. றகர். ரக்பி என்பார்களே, அதுதான். கோலாலம்பூரில் ஒரு கொரியாக்காரன் ஏறி மிதித்தான். மிதித்துவிட்டு மன்னிப்பும் கேட்டான். நல்ல பிள்ளை.

ஓம், நாட்டுக்கு விளையாடினனான்தான். இப்போது உயரத்தைப் பார்க்கிறியள். ஐந்தடி நாலங்குலம். ஸ்க்ரம் ஹாஃபுக்கு அது காணும். நிலத்தில் கிடக்கிற பந்தை எடுத்து எறிகிறவனுக்கு உயரம் எதற்கு?

நான் கதைக்கிற ஆள் இல்லை. சுருக்கமாகச் சொல்லுகிறேன், கடுகண்ணாவை வருவதற்குள் முடிந்துவிடும். பிறகு நித்திரை கொள்ளவேண்டும். இரவைக்குக் கொழும்பில் விருந்து. பழைய விளையாட்டுக்காரர் சங்கம் எனக்கு ஏதோ கேடயம் தருகிறார்களாம். மேடையில் இரண்டு வார்த்தை பேசவும் வேண்டுமாம். கேடயத்தைக் கையில் தரப்போகிறவன் என்ர தமையன் குகன். அதுதான் கரைச்சல்.

தமையன் தந்தால் என்ன கரைச்சலோ? பொறுங்கோ. இடையில் கேள்வி கேட்டால் நான் சொல்லமாட்டேன்.

எங்கட வீடு விளையாட்டு வீடு. ஐயா அருளம்பலம். கண்டி நகரத்தில் ஹார்ட்வெயர் கடை. இளம் வயதில் கால்மைல் ஓட்டக்காரர். வென்ற கப் எல்லாம் கடையில்தான் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றரை அங்குல ஆணி, இன்னொன்றுக்குள் கதவுப் பிணைச்சல். "கப் எண்டால் ஏதாவது போட்டு வைக்கத்தானே" என்பார். அம்மா பள்ளிக்கூட வலைப்பந்துக் கப்டன். தங்கச்சி தவமலரும் வலைப்பந்து. வாயும் அப்படித்தான், எறிந்தால் நேரே முகத்தில் படும். மூத்தவன் குகதாசன். நான் தில்லைநடராசா. அவன் என்னைவிட ஒன்றரை வயது கூட. அண்ணை என்று கூப்பிடச் சொல்லி அம்மா அடித்தும் பார்த்தா. நடக்கவில்லை.

வீட்டில் ஒரு சட்டம். சனிக்கிழமை மெட்சில் யார் தோற்றுவிட்டு வருகிறார்களோ அவர்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கோப்பை எல்லாம் கழுவவேண்டும். ஐயாவுக்கும் அதே சட்டம். அவர் கரம் போர்ட் விளையாடத் தொடங்கி, தோற்றுத் தோற்று, கடைசியில் வீட்டிலேயே நல்லாய்க் கோப்பை கழுவுகிறவர் அவர்தான்.

கடைதான் எங்களுக்குப் பயிற்சி மைதானம். நான் கீழே நின்று பூட்டுப் பெட்டி, கொண்டிப் பெட்டி என்று எறிவேன். குகன் ஏணியில் நின்று பிடித்து அடுக்குவான். எப்படி எறிந்தாலும் பிடிப்பான். ஒருநாள் கோபத்தில் பச்சைப் பெயின்ற் டின் ஒன்றை எறிந்தேன். அதையும் பிடித்தான். மூடிதான் பிடிபடவில்லை. ஒரு கிழமை இரண்டுபேரும் பச்சை.

றகர் தெரியுமோ? தெரியாது. எல்லாருக்கும் கிறிக்கெட் மட்டும்தான். சரி, கேளுங்கோ. ஸ்க்ரம் என்றால், இந்தப் பக்கம் எட்டுப்பேர், அந்தப் பக்கம் எட்டுப்பேர், தலையைக் கோர்த்துக்கொண்டு தள்ளுவார்கள். எருமைகள்போல. நடுவில் பந்தைப் போடுகிறவன் ஸ்க்ரம் ஹாஃப். அது நான். பந்து கால்களுக்கு நடுவால் உருண்டு கடைசி ஆளின் காலடிக்கு வரும். அந்தக் கடைசி ஆள் நம்பர் எயிட். அது குகன். அவன் தலை உள்ளே. குனிந்தபடி தள்ளிக்கொண்டு நிற்பான், ஒன்றும் தெரியாது. பின்னால் நின்று பார்க்கிறவன் நான். அவன்ர இடுப்பில் வலப்பக்கம் தட்டினால், பந்தை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் ஓடு. இடப்பக்கம் தட்டினால் இடம். தட்டாவிட்டால் சும்மா நில். அவ்வளவுதான். வாய் திறக்கத் தேவையில்லை. எனக்குப் பொருத்தமான வேலை.

பள்ளிக்கூடம் தொடங்கி கிளப் வரைக்கும் அந்த இடுப்பில் தட்டினேன். வீட்டில் வாளியை எடு என்றால் எடுக்கமாட்டான். மைதானத்தில் தட்டினால் போவான்.

அந்த வருசம் மலேசியாவில் ஆசியப் போட்டி. குகன் அதற்கு முதலே நாட்டுக்கு விளையாடியிருந்தான். இந்தமுறை அவன்தான் கப்டன் என்று பேப்பரிலேயே போட்டார்கள். நான் ஒருமுறைகூட இல்லை. எனக்கு முன்னால் விஜேகோன் என்று ஒரு கொழும்புப் பெடியன் நின்றான். நல்ல ஹாஃப். தலைமயிர் கலையாமல் விளையாடுவான். எனக்கு இருபத்தாறு வயது. இந்தமுறை இல்லையென்றால் பிறகு இல்லை. தெருவில் போனால் "குகன்ர தம்பி" என்பார்கள். பெயர் சொல்லி ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், தம்பி. என்ர பெயர்.

ஐயாவுக்கு அப்போதுதான் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் முடிந்திருந்தது. பாரம் தூக்கக்கூடாது. ஹார்ட்வெயர் கடையில் பாரம் தூக்காமல் என்ன செய்வது? சாப்பாட்டு மேசையில் புதுச் சட்டம் போட்டார்.

"ரெண்டு பேரும் மலேசியா போனால் கடையை ஆர் பாக்கிறது? ஒருத்தன்தான் போகலாம்."

"ரெண்டு பேரையும் எடுத்தால், ஐயா?" என்று தவமலர் கேட்டாள். அவளுக்கு இப்படியான கேள்விதான் வரும்.

"மூத்தவன் போவான். சின்னவன் கடையில நிப்பான்."

"சின்னவனை மட்டும் எடுத்தால்?"

ஐயா சிரித்தார். அம்மாவும் சிரித்தா. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்கிறது? குகன் மட்டும் சிரிக்கவில்லை. முருங்கைக்காய் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

விளங்குதோ? அவனை எடுக்காவிட்டால்தான் நான் போகலாம். அவனை எடுக்காமல் விட அவர்களுக்கு விசரோ? அப்ப நான் நல்லாய் விளையாடினால் மட்டும் காணாது. அவனை விழுத்தவும் வேண்டும். சொந்தத் தமையன்தான். மைதானத்துக்குள் தமையன் ஏது?

கடுகண்ணாவை போய்விட்டதோ? போகட்டும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்க்ரம்மில் பந்து எதிரணிக்கு என்றால் ஹாஃப் என்ன செய்வான்? பந்து உள்ளே போகப் போக, அதோடு சேர்ந்து பக்கத்தால் நடப்பான். பந்து எதிரணி நம்பர் எயிட்டின் காலடிக்கு வரும்போது அவனும் அங்கேதான் நிற்பான். நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற தெரிவு மெட்சில் குகனும் விஜேகோனும் சிவப்பு அணி, நான் நீல அணி. அப்ப குகன்ர இடுப்பு என்ர கை எட்டுகிற தூரத்தில். தலை உள்ளே இருக்கிறவனுக்குத் தட்டுகிற கை யாருடையது என்று தெரியுமோ? பழகின உடம்பு. தட்டினால் போகும். விதிப்படி பிழைதான். மத்தியஸ்தர் மற்றப் பக்கம் நின்றால் என்ன விதி?

முதலில் கிளப் பயிற்சியில் செய்து பார்த்தேன். எங்களைப் பிரித்து இரண்டு பக்கம் விட்டிருந்தார்கள். தட்டினேன். உள்ளுக்குள் இருந்து சத்தம் வந்தது.

"கையை எடடா, சனியன்! உன்ர கை எனக்குத் தெரியாதோ?"

இன்னொருநாள் மற்றக் கையால் தட்டினேன்.

"அதுவும் உன்ர கைதான்" என்றான். இந்தப் பக்கம் எட்டுப்பேர் தள்ளுகிறார்கள், அந்தப் பக்கம் எட்டுப்பேர் தள்ளுகிறார்கள், நடுவில் இவனுக்குக் கதை.

சரி, பயிற்சியில் மனுசன் நிதானமாக இருப்பான். உண்மையான மெட்சில் உடம்புதான் முந்தும். அப்படித்தான் நான் நினைத்தேன். நினைத்தபடி நடந்தது. அதுதானே முக்கியம்?

தெரிவு மெட்சுக்கு அவன்ர மோட்டார்சைக்கிளில்தான் இரண்டுபேரும் போனோம். பேராதனை வீதியில் திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"இண்டைக்கும் உன்ர கை சும்மா இராது, என்ன?"

"உன்ர வேலையைப் பார்."

"பாக்கத்தான் போறன்" என்றான். பகிடி. எப்போதும் பகிடிதான் அவனுக்கு.

நான் நல்லாய் விளையாடினேன். இதைக் கவனியுங்கோ. விஜேகோனைத் திரும்பத் திரும்ப விழுத்தினேன். தலைமயிர் கலைந்தது. முழுக் கண்டியும் பார்த்தது. ஆனாலும் மெட்ச் முடிகிற நேரம் சிவப்பு அணி மூன்று புள்ளி முன்னுக்கு. அவர்களுடைய கோல் கோட்டுக்குக் கிட்ட ஒரு ஸ்க்ரம். பந்து அவர்களுக்கு. அந்த இடத்தில் செய்யவேண்டியது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். குகன் பந்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும். விஜேகோன் எடுத்து வெளியே உதைக்கவேண்டும். வீட்டுக்குப் போகவேண்டும்.

பந்து உள்ளே போனது. நான் பக்கத்தால் நடந்தேன். குகன்ர இடுப்பு வந்தது. இடப்பக்கம் தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு குகன் பந்தை எடுத்தான். இடப்பக்கம் வந்தான்.

விஜேகோன் கத்தினான். இடப்பக்கம் அவர்களுடைய ஆள் ஒருத்தனும் இல்லை. ஏன் இருக்கவேண்டும்? அங்கே நான்தான் நின்றேன். எந்தப் பக்கம் வருவான் என்று தட்டினவனுக்குத் தெரியாதோ? முழங்காலுக்குக் கீழே பிடித்தேன். மரம்போல விழுந்தான். பந்து கையை விட்டு உருண்டு கோட்டைத் தாண்டியது. நான் அவனுக்கு மேலால் ஏறி விழுந்து பந்தை அமத்தினேன். ட்ரை. கோட்டுக்கு அப்பால் பந்தை அமத்தினால் அப்படிச் சொல்லுவார்கள், அந்தக் காலத்தில் அதற்கு நாலு புள்ளி. வென்றுவிட்டோம்.

என்ன? பந்து எப்படிக் கையை விட்டதோ? வழுக்கியிருக்கும். மழைக்காலம்.

அன்றைக்கு மழை பெய்ததோ? இல்லை. முதல்நாள் பெய்தது. கண்டியில் புல் லேசில் காயாது, தம்பி. அவன் பந்தைத் தவறவிட்டு அதற்கு முதல் நான் பார்த்ததில்லை, அது உண்மை. ஒருநாள் யாருக்கும் தவறும்தானே.

அன்று பின்னேரமே பெயர் வாசித்தார்கள். ஸ்க்ரம் ஹாஃப், தில்லைநடராசா. நம்பர் எயிட், வேறு ஒருத்தன். கப்டனும் வேறு ஒருத்தன். சொந்தக் கோட்டில் புத்தி தடுமாறுகிறவனை நம்பி அணியைக் கொடுக்க முடியாது என்று தெரிவுக்குழுவில் ஒருத்தர் சொன்னாராம்.

வீடு செத்தவீடு மாதிரி இருந்தது. ஐயா மட்டும் "சட்டம் எண்டால் சட்டம். சின்னவன் போகட்டும்" என்றார். அடுத்த நாள் மத்தியானம் குகன் கோப்பை கழுவினான். சீழ்க்கை அடித்தபடி கழுவினான். தோற்றவன் சீழ்க்கை அடிப்பானோ? வெட்கத்தை மறைக்கத்தான். நான் பின்னால் போய் நின்று, எப்படி ஏமாற்றினேன் என்று முழுக்க விளங்கப்படுத்தினேன். மனுசன் தெரிந்துகொள்ளவேண்டும்தானே.

சிரிக்கத் தொடங்கினான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தான். சவர்க்காரக் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. அம்மா ஏசினா. அப்போதும் சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் என்ர கரைச்சல், தம்பி. நாற்பது வருசத்துக்கு மேலாகச் சிரிக்கிறான். அந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் சிரிப்பு. என்ர கலியாணத்தில் சொன்னேன், மாப்பிள்ளைத் தோழனாக நின்று சிரித்தான். பெண் வீட்டார் பயந்துபோனார்கள். "என்னடா சிரிப்பு?" என்று கேட்டால், "ஒண்டும் இல்லையடா. நல்லாய்த்தான் தட்டினனீ" என்பான். வேறு ஒன்றும் சொல்லமாட்டான்.

வரக்காப்பொலை. இதில் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் நிற்பான். டிரைவருக்கு இங்கே மாமியார் வீடுபோல. எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். சரி, வாங்குங்கோ. சீனி குறைய. தலகுளி எள்ளுருண்டையும் ஒரு பைக்கற். குகனுக்கு. அவனுக்கு அது விருப்பம், எனக்குப் பிடிக்காது.

எங்கே விட்டேன்? கோலாலம்பூர். நல்லாய்ப் போனது. முதல் மெட்சில் எங்களை நசித்துப் பிழிந்தார்கள். இரண்டாவதில் நான் பந்தை எடுத்து வலப்பக்கம் எறிகிறமாதிரிக் காட்டிவிட்டு இடப்பக்கத்தால் நானே ஓடி ட்ரை வைத்தேன். சனம் எழும்பி நின்றது. அந்த இரவு ஹோட்டலுக்கு ஒரு யாழ்ப்பாணத்து மனுசன் வந்தார், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அடுக்குச் சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி.

"அருளம்பலத்தாற்ற மகனோ?" என்று கேட்டார்.

"ஓம். சின்னவன்."

"பெரியவர் வரேல்லையோ?"

கறியை வாங்கி வைத்துவிட்டு அவரை அனுப்பிவிட்டேன். கறி நல்ல கறி.

அடுத்த வருசம் குகனைத் திரும்ப எடுத்தார்கள். ஐயாவும் தேறிவிட்டார். அதுக்குப் பிறகு அவனும் நானும் சேர்ந்துதான். ஹொங்கொங், பாங்கொக், தாய்பே. பந்தைப் போடு, தட்டு, ஓடு. அந்த வருசங்களுக்கு நிகராக எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதை அவனுக்குச் சொல்லிவிடாதேயுங்கோ. கப்டன் பதவி மட்டும் அவனுக்குக் கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. ஒருமுறை என்னைக் கப்டனாக்கினார்கள், தாய்பேயில். விமான நிலையத்தில் என்ர பையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு "கப்டன் வாறார், வழி விடுங்கோ, கப்டன் வாறார்" என்று முன்னால் நடந்தான். அதுவும் பகிடிதான். கண் மட்டும் கலங்கியிருந்தது. அங்கே ஏசி கூட.

பிறகு எண்பத்திமூன்று, கலவரம். கடையும் போனது, கப்பும் போனது. அந்தக் கதை வேண்டாம். நீங்கள் கேட்டது றகர் கதை.

இப்போது அவன் வெள்ளவத்தையில். நான் கண்டியை விட்டு அசையவில்லை. நேற்றுத் தவமலர் போன் எடுத்தாள். எழுபது வயதாகிறது, வாய் மட்டும் அப்படியே.

"சின்னண்ணை, மேடையில அந்தத் தட்டின கதையைச் சொல்லாதை."

"ஏன்? நான் எப்பிடி அணிக்குள்ள வந்தனான் எண்டு கேப்பினம்தானே?"

"நீ எப்பிடி வந்தனீ எண்டு எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது."

"என்ன தெரியாது?"

"ஒண்டும் இல்லை. வேட்டி கட்டிக்கொண்டு வா. காற்சட்டை போட்டால் வண்டி வயிறு தெரியுது."

வைத்துவிட்டாள். இதுதான் எங்கட குடும்பம். ஒருத்தரும் ஒன்றையும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். நான் ஒருத்தன்தான் நேரே கதைக்கிறவன்.

என்ன சொல்லுகிறியள்? திரும்பச் சொல்லுங்கோ, ஹோர்ன் அடிக்கிறான்.

பயிற்சியில் இரண்டு தரமும் கையை அடையாளம் கண்டவன், மெட்சில் மட்டும் எப்படி ஏமாந்தான் என்றோ?

தம்பி, நீங்கள் என்ன வேலை? பல் டாக்குத்தரோ? அப்ப பல்லைப் பாருங்கோ. அவ்வளவு நேரம் தள்ளினவனுக்குக் களைப்பு இராதோ? மூளைக்கு இரத்தம் போகாது. அதெல்லாம் உங்களுக்கு விளங்காது.

விட்டுத்தந்திருந்தால் சொல்லியிருப்பானே? இவ்வளவு வருசமும் ஒரு மனுசன் வாயைத் திறக்காமல் இருப்பானோ? கப்டன் பதவி, தம்பி. நாட்டுக்குக் கப்டன். ஐயா ஓடின ஓட்டத்துக்கும், அம்மா எறிஞ்ச பந்துக்கும், அந்த முழு வீட்டுக்கும் அதுதான் கனவு. அதைத் தூக்கித் தம்பிக்குக் குடுத்துவிட்டு, சனம் விசரன் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு ஒருத்தன் சும்மா இருப்பானோ? அவன் மனுசனோ?

கொஞ்ச நேரம் பேசாமல் வாருங்கோ.

கடவத்தையும் தாண்டியாச்சு. நித்திரை வரவில்லை. உங்களால்தான்.

யோசித்தேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, சும்மா. விட்டுத்தந்தான் என்றே வைப்போம். வைப்போம் என்றுதான் சொல்லுகிறேன். ஒரு மெட்ச்தானே? மற்ற மெட்ச் எல்லாம் ஆர் விளையாடினது? நான். ஹொங்கொங்கில் மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடினது ஆர்? நான். அதற்கெல்லாம் ஒருத்தரும் விட்டுத்தரவில்லை. கதவை ஆர் திறந்தால் என்ன, உள்ளே போய் நின்றது நான். சரிதானே? தலையாட்டாதேயுங்கோ, சரியோ இல்லையோ சொல்லுங்கோ.

புறக்கோட்டை, கொழும்பு வந்தாச்சு. அந்தா, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறான். வெள்ளைச் சேர்ட், கையில் குடை. ஒரு மணித்தியாலம் முந்தியே வந்திருப்பான், விசரன். பஸ் ஸ்ரான்டில் ஓட்டோக்காரனோடு நின்று பகிடி விடுகிறான், பாருங்கோ. எழுபத்தைந்து வயதில் என்ன நிமிர்ந்த நிலை.

எழும்புங்கோ, வழி விடுங்கோ. பையை நானே எடுப்பேன்.

இல்லை, நீங்கள் வந்து அவனிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். கை குலுக்கினால் குலுக்குங்கோ, அவ்வளவுதான். மேடையில் அந்தத் தட்டின கதையைத்தான் நான் சொல்லப்போகிறேன். குகனை ஏமாற்றி நாட்டுக்கு விளையாட வந்தவன் நான் என்றுதான் சொல்லுவேன். அவன் பக்கத்தில் நின்று கண்ணீர் வரச் சிரிக்கட்டும். இந்தமுறை ஏன் சிரிக்கிறாய் என்று நானும் கேட்கமாட்டேன்.

ஏன் என்றோ?

அவனுக்குப் பொய் சொல்ல வராது, தம்பி. விட்டுத்தந்தனீயோ என்று நேரே கேட்டால் சொல்லிப்போடுவான்.